பெயரில்லாமல் புதைக்கப்பட்டவருக்குப் பெயர் தேடுவது எப்படி? டிஎன்ஏ வம்சாவளி ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒப்பிட்டுப் பார்க்க யாருடைய மாதிரியும் கையில் இல்லாதபோது, டிஎன்ஏவை வைத்து எப்படிப் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள்?

டிஎன்ஏவில் பெயர் எழுதியிருக்காது. செய்திகளைப் படித்தால், ஒரு பக்கம் எலும்பைப் போட்டதும் மறுபக்கம் பெயர் அச்சாகி வரும் கருவி ஒன்று இருப்பதுபோலத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. தங்கள் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் குழாயில் எச்சில் துப்பி அனுப்பியவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இறந்தவரின் டிஎன்ஏவை அவர்களுடைய டிஎன்ஏவோடு ஒப்பிடுகிறார்கள். யாராவது ஒரு தூரத்து உறவு தென்படும். அந்த உறவினரின் கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா வரை மேலே ஏறி, அங்கிருந்து கிளை கிளையாகக் கீழே இறங்குகிறார்கள். ஒரு கட்டத்தில், ஆவணங்களில் சட்டென்று தடம் நின்றுபோன ஒருவர் கண்ணில் படுவார்.

ஆய்வகத்தில் நடப்பது பாதி வேலைதான். மீதி, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களிலும் செய்தித்தாள் இரங்கல் குறிப்புகளிலும் நடக்கிறது.

போலீஸ் பல வருடங்களாக டிஎன்ஏ பரிசோதனை செய்துகொண்டுதானே இருக்கிறது? இதில் புதிதாக என்ன?

அமெரிக்காவில் எஃப்பிஐ நடத்தும் கோடிஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அது டிஎன்ஏவில் குறிப்பிட்ட 20 இடங்களை மட்டும் பார்க்கிறது (2017-க்கு முன் 13 இடங்கள்). ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு துணுக்கு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுவார்கள். இதற்கு எஸ்டிஆர் முறை என்று பெயர். இரண்டு மாதிரிகளும் ஒரே ஆளுடையவையா, இவர் அவருடைய பிள்ளையா என்று கேட்டால் இது துல்லியமாகப் பதில் சொல்லும். மூன்று தலைமுறை தள்ளிய உறவைக் கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. 20 இடங்களில் அவ்வளவு தகவல் அடங்காது.

வம்சாவளி ஆய்வு பார்ப்பது எஸ்என்பி எனப்படும் ஒற்றை எழுத்து மாற்றங்களை. அதுவும் ஐந்து, ஆறு லட்சம் இடங்களில். அதனால்தான் தூரத்துச் சொந்தம்கூட அதன் கண்ணில் படுகிறது.

தேவை எவ்வளவு என்று கேட்டால், அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4,400 அடையாளம் தெரியாத உடல்கள் கிடைக்கின்றன. ஒரு வருடம் கழிந்த பிறகும் அவற்றில் சுமார் 1,000 பேருக்குப் பெயர் கிடைப்பதில்லை.

முப்பது, நாற்பது வருடம் ஆன எலும்பில் டிஎன்ஏ மிஞ்சியிருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். ஆனால் பொடிப்பொடியாக உடைந்திருக்கும். அதோடு மண்ணிலிருந்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் கலந்திருக்கும். சில எலும்பு மாதிரிகளில் மனித டிஎன்ஏ மிகச் சிறு பங்குதான், மற்றதெல்லாம் பாக்டீரியா. குப்பையோடு குப்பையாகக் கலந்துவிட்ட கிழிந்த கடிதத்தைப் பொறுக்கி ஒட்டுவது மாதிரியான வேலை.

காதுக்குள் இருக்கும் மிகக் கெட்டியான எலும்பும், பற்களும், தொடை எலும்பும் நல்ல இடங்கள். வேரில்லாத முடியில் உருப்படியாக எதுவும் கிடைக்காது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் எட் கிரீன் உருவாக்கிய முறை அந்த எண்ணத்தை மாற்றியது. இப்போது வெறும் முடித் தண்டிலிருந்தே வம்சாவளி பார்க்கும் அளவுக்குத் தகவலை எடுக்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் எல்லா மாதிரியும் பலன் தராது. ஃபிலடெல்ஃபியாவில் 1957 பிப்ரவரியில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் கிடந்த சிறுவனின் உடலை ‘பெட்டிக்குள் இருந்த பையன்’ என்றே ஊர் அழைத்தது. அவன் உடலை 1998-இல் ஒரு முறையும் 2019-இல் மறுபடியும் தோண்டியெடுத்தார்கள். பெயர் அறிவிக்கப்பட்டது 2022 டிசம்பரில். இடையே 65 வருடங்கள். அந்தத் தாமதத்தில் கொஞ்சம், பழுதான டிஎன்ஏவைப் படிக்கும் நிலைக்குக் கொண்டுவரவே ஆன காலம்.

எந்தத் தரவுத்தளத்தில் தேடுகிறார்கள்? எல்லா நிறுவனமும் அனுமதிக்கிறதா?

இல்லை. மிகப் பெரியவை கதவை மூடித்தான் வைத்திருக்கின்றன. பூர்வீகப் பரிசோதனை செய்து தரும் ஆன்செஸ்ட்ரி நிறுவனத்திடம் இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களின் டிஎன்ஏ இருக்கிறது. ஆனாலும் இறந்தவரின் டிஎன்ஏ கோப்பை அங்கே ஏற்ற முடியாது. 23அண்ட்மீயும் அப்படித்தான். திறந்திருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று ஜெட்மேட்ச், மற்றொன்று ஃபேமிலிட்ரீடிஎன்ஏ.

ஜெட்மேட்ச் 2010-இல் கர்டிஸ் ரோஜர்ஸ், ஜான் ஓல்சன் என்ற இருவர் பொழுதுபோக்காகத் தொடங்கியது. அது டிஎன்ஏ பரிசோதனை செய்யாது. வேறு நிறுவனத்தில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தங்கள் கோப்பைத் தாங்களே கொண்டுவந்து ஏற்றும் இடம் அது. வம்சாவளிப் பிரியர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொள்ள வைத்த திண்ணை என்று சொல்லலாம். கொலை வழக்குகளும் அங்கே வந்து உட்காரும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

செண்டிமார்கன் என்கிறார்களே, அது என்ன?

இருவர் எவ்வளவு டிஎன்ஏவைப் பகிர்கிறார்கள் என்பதற்கான அளவு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே ஏறக்குறைய 3,400 செண்டிமார்கன் இருக்கும். உடன்பிறந்தவர்கள் என்றால் 2,600 வாக்கில்.

அடுத்த படிகளைச் சொல்ல நம் மொழியிலேயே வசதி இருக்கிறது. பொதுவான தாத்தா பாட்டி என்றால் ஒன்றுவிட்ட உறவு, சராசரியாக 850-ஐ ஒட்டி வரும். பொதுவாக இருப்பது கொள்ளுத்தாத்தா என்றால் இரண்டுவிட்ட உறவு, சுமார் 230. எள்ளுத்தாத்தா என்றால் மூன்றுவிட்ட உறவு, எழுபதைச் சுற்றி. ஒரு எச்சரிக்கை: நாம் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளைத்தான் ‘ஒன்றுவிட்ட’ என்போம், மாமன் அத்தை பிள்ளைகள் வேறு கணக்கு. டிஎன்ஏவுக்கு அந்தப் பங்காளி, சம்பந்தி வேறுபாடெல்லாம் தெரியாது. எல்லோரும் ஒரே அளவுதான்.

எண்ணை வைத்து உறவை அப்படியே சொல்லிவிடவும் முடியாது. 850 வந்தால் ஒன்றுவிட்ட சகோதரராக இருக்கலாம், தாத்தாவின் தம்பியாகவும் இருக்கலாம். தூரம் போகப் போகக் குழப்பம் கூடும். மூன்றுவிட்ட உறவினரில் பத்தில் ஒருவருக்குப் பகிர்ந்த டிஎன்ஏ என்று எதுவுமே தென்படாது. நான்குவிட்ட உறவு என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதே கதை.

சரி, உறவு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு?

கடினமான பகுதியே இங்கேதான் தொடங்குகிறது. கிடைத்தவர் இரண்டுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கொள்ளுத்தாத்தா-கொள்ளுப்பாட்டி ஜோடிகள் நான்கு. அந்த நான்கில் ஏதோ ஒரு ஜோடி இறந்தவருக்கும் முன்னோர். எது என்று தெரியாது. நான்கு ஜோடிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் என்று எல்லோரையும் எழுதினால் நூற்றுக்கணக்கில் ஆள் சேர்ந்துவிடும்.

அதனால் ஒரே ஒரு உறவினரை வைத்துக்கொண்டு இதில் இறங்குவதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு உறவுக் கூட்டங்களைத் தேடுவார்கள். ஒரு கூட்டம் இறந்தவரின் அப்பா வழி, மற்றது அம்மா வழி. இரண்டு குடும்ப மரங்களையும் தனித்தனியாக வளர்த்துக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வருடத்தில், இந்த மரத்துப் பையன் அந்த மரத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்திருப்பார். அந்தத் திருமணப் பதிவு கையில் வந்தால் வேலை ஏறக்குறைய முடிந்தது. இந்த இரண்டு ரத்தமும் கலக்கும் இடம் அது ஒன்றுதான் என்றால், இறந்தவர் அவர்களுடைய பிள்ளையாகவோ பேரப்பிள்ளையாகவோதான் இருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பிள்ளைகளில் யார் என்ற கேள்வி. ஆறு பிள்ளைகள் என்றால் ஐந்து பேருக்கு வரிசையாகக் காகிதம் இருக்கும்: திருமணம், வீட்டு முகவரி, வாக்காளர் பதிவு, கடைசியில் கல்லறை. ஆறாவது ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட வருடத்தோடு எல்லாம் நின்றுபோயிருக்கும். அமெரிக்கச் செய்தித்தாள்களின் இரங்கல் குறிப்புகள் இதற்குப் பெரிய துணை. அம்மா இறந்ததை அறிவிக்கும்போது உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதுவார்கள். ஒரு பெயர் மட்டும் விடுபட்டிருந்தால், தேடுபவர் நிமிர்ந்து உட்காருவார். கூட்டாட்சிக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 வருடம் கழித்தே பொதுமக்களுக்குத் திறக்கப்படும். 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில் திறந்ததை இந்த வேலையில் இருப்பவர்கள் திருவிழா மாதிரி எதிர்பார்த்தது இதனால்தான்.

சில வழக்குகள் சில மணி நேரத்தில் முடிகின்றன, சிலவற்றுக்கு வருடக்கணக்கில் ஆகிறது. ஏன்?

யார் எச்சில் துப்பியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1981 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தில் சாலையோரப் பள்ளம் ஒன்றில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடைத்தது. அவர் அணிந்திருந்த மான்தோல் மேலங்கியை வைத்து ‘பக்ஸ்கின் கேர்ள்’ என்று அழைத்தார்கள். கொலின் ஃபிட்ஸ்பாட்ரிக், மார்கரெட் பிரஸ் இருவரும் 2017-இல் தொடங்கிய ‘டிஎன்ஏ டோ பிராஜெக்ட்’ என்ற தன்னார்வ அமைப்பு 2018-இல் அவருடைய கோப்பை ஜெட்மேட்சில் ஏற்றியது. நெருங்கிய உறவு ஒன்று உடனே கிடைத்தது. சுமார் நான்கு மணி நேரத்தில் பெயர் தெரிந்துவிட்டது. மகள் எப்போதாவது கூப்பிடுவாள் என்று, அவருடைய அம்மா அந்த 37 வருடங்களும் வீட்டையும் மாற்றவில்லை, தொலைபேசி எண்ணையும் மாற்றவில்லை.

எதிர்த் திசையில் போகும் வழக்குகள்தான் அதிகம். தரவுத்தளங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள். இறந்தவர் அண்மையில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றால் மிகத் தூரத்து உறவுகள் மட்டுமே அகப்படும். அடிமைமுறைக் காலத்தில் பெயரே பதியப்படாத முன்னோர்களைக் கொண்ட குடும்பங்களுக்குக் காகிதமே ஓரிடத்தில் சுவர் மாதிரி நின்றுவிடும். இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு உறுத்தலானது. யாருடைய சொந்தக்காரர்கள் பொழுதுபோக்குக்காகப் பரிசோதனை செய்துகொள்ள முடிந்ததோ, அவர்களுடைய பிணங்களுக்கு முதலில் பெயர் கிடைக்கிறது.

வேறு சிக்கல்களும் உண்டு. பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட சமூகங்களில் இருவருக்கு நாலைந்து வழியில் உறவு இருக்கும். செண்டிமார்கன் எண்ணிக்கை ஊதிப்போய், நான்குவிட்ட உறவு இரண்டுவிட்ட உறவு மாதிரி காட்டும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மரங்களிலும், கனடாவின் பிரெஞ்சு அக்காடியர் மரங்களிலும் இது நன்றாகத் தெரிந்த தொல்லை. தத்துக்குப் போன பிள்ளை, பதிவில் இருக்கும் அப்பா ஒருவராகவும் உண்மையான அப்பா வேறொருவராகவும் இருப்பது எல்லாம் எல்லாக் குடும்பத்திலும் ஓரிடத்திலாவது ஒளிந்திருக்கும். காகிதம் பொய் சொல்லும், டிஎன்ஏ சொல்லாது.

சோமர்டன் மனிதர் வழக்கும் இப்படித்தான் தீர்ந்ததா?

இதே முறைதான், ஆனால் ‘தீர்ந்தது’ என்ற சொல்லில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1948 டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை ஒட்டிய சோமர்டன் கடற்கரையில் நன்றாக உடுத்திய ஒருவர் இறந்து கிடந்தார். கால்சட்டையின் உள்பையில் பாரசீக மொழியில் ‘முடிந்தது’ என்று பொருள்படும் சொற்கள் அச்சான துண்டுத்தாள் இருந்தது. உளவாளி, காதல் தோல்வி, விஷம் என்று எழுபது வருடத்துக்குக் கதைகள் பெருகின.

அவரைப் புதைப்பதற்கு முன் போலீஸ் எடுத்த பிளாஸ்டர் அச்சில் சில முடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் ஆபட் அவற்றைப் பெற்று ஆய்வுக்கு அனுப்பினார். அவரும் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சேர்ந்து சுமார் 4,000 பேர் கொண்ட குடும்ப மரத்தை எழுதினார்கள். 2022 ஜூலையில் அவர்கள் அறிவித்த பெயர் கார்ல் வெப். 1905-இல் மெல்போர்ன் நகரின் ஃபுட்ஸ்கிரே பகுதியில் பிறந்த மின்கருவித் தொழிலாளி.

எனக்குப் பிடித்தது ஒரு சிறு விஷயம். அவருடைய பெட்டியிலிருந்த சில துணிகளில் ‘கீன்’ என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரில் காணாமல் போனவர் யாரும் இல்லாததால் போலீஸ் அதை அப்படியே விட்டுவிட்டது. மரத்தை எழுதி முடித்தபோது, வெப்பின் அக்காள் தங்கைகளில் ஒருவரின் கணவர் பெயர் தாமஸ் கீன் என்று தெரிந்தது. மச்சானின் பழைய சட்டை! உளவுத்துறைச் சதி என்று பேசியவர்கள் யாரும் இதை நினைத்துப் பார்க்கவில்லை. வெப்பை விட்டுப் பிரிந்திருந்த மனைவி 1951-இல் விவாகரத்து கேட்டு மனுப் போட்டார். அப்போது வெப் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

தென் ஆஸ்திரேலியப் போலீஸ் தனியாக 2021 மே மாதம் உடலைத் தோண்டியெடுத்திருந்தது. பேராசிரியரின் அறிவிப்பு வந்தபோது அவர்கள் அதை உறுதி செய்திருக்கவில்லை.

அப்படியென்றால் உறுதிப்படுத்துவது யார்?

வம்சாவளி ஆய்வாளர் தருவது ஊகப் பெயர் மட்டுமே. அதை மரண விசாரணை அதிகாரியோ போலீஸோ சரிபார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் உடன்பிறந்தவர், பிள்ளை, பெற்றோர் யாரிடமாவது மாதிரி வாங்கி நேராக ஒப்பிடுவார்கள். சில நேரம் பழைய பல் மருத்துவப் பதிவோ கைரேகையோ போதும். இதற்கும் முன்னால், அந்தப் பெயருக்குரியவர் எங்காவது உயிரோடு இருக்கிறாரா என்றும் தேடிவிடுவார்கள். இறந்ததாக நினைத்தவரே தொலைபேசியை எடுத்தால் வெட்கக்கேடு.

இறந்தவரே பொய்ப் பெயரில் வாழ்ந்திருந்தால்?

நடந்திருக்கிறது. ஒஹாயோவில் 2002-இல் ஒரு முதியவர் தற்கொலை செய்துகொண்டார். பெயர், அடையாள அட்டை எல்லாம் இருந்தன. வாரிசைத் தேடிப் போனபோதுதான், அந்தப் பெயருக்குரியவர் 1945-இல் டெக்சாஸில் சாலை விபத்தில் இறந்த ஒரு சிறுவன் என்று தெரிந்தது. அப்பா வழியாக மட்டும் வரும் ஒய் குரோமோசோமை வைத்து முதலில் குடும்பப் பெயரை ஊகித்தார்கள். பிறகு முழு மரம். 2018-இல் உண்மையான பெயர் வந்தது: இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், 1960-களில் மனைவி மக்களை விட்டுப் போனவர். அவர் மகனின் டிஎன்ஏவால் உறுதியானது. ஏன் ஒளிந்து வாழ்ந்தார் என்பதற்கு எந்தக் குரோமோசோமிலும் பதில் இல்லை.

பெயர் தெரிந்ததும் எல்லோருக்கும் அறிவித்துவிடுவார்களா?

குடும்பத்துக்குத்தான் முதலில் தெரிவிப்பார்கள், அதுவும் போலீஸோ மரண விசாரணை அதிகாரியோ. மரம் எழுதிய தன்னார்வலர் நேராகக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாது. 2001 செப்டம்பரில் வாஷிங்டன் மாநில விடுதியொன்றில் ‘லைல் ஸ்டீவிக்’ என்ற பொய்ப் பெயரில் அறை எடுத்து உயிரை மாய்த்துக்கொண்டவரை 2018-இல் அடையாளம் கண்டார்கள். எங்கோ உயிரோடு இருக்கிறார், நம்மோடு பேசத்தான் விருப்பமில்லை என்று குடும்பம் நினைத்திருந்தது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வெளியிடவில்லை. அதுவே சரி. பல வருடம் அந்த வழக்கைப் பின்தொடர்ந்தவர்களுக்கு ஏமாற்றம் இருக்கலாம். ஆனால் அவர் அவர்களுடைய புதிர் அல்ல.

நான் டிஎன்ஏ கொடுத்தால் என் உறவினர்களும் மாட்டிக்கொள்வார்களா?

ஒருவர் கொடுத்தால் அவருக்குத் தெரியாத தூரத்துச் சொந்தங்கள்வரை ஓரளவு வெளிச்சத்துக்கு வருகிறார்கள். 2018 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ‘கோல்டன் ஸ்டேட் கில்லர்’ என்ற தொடர் கொலைகாரரைப் பிடித்தது இதே வழியில்தான். அதன் பிறகே பலருக்குத் தங்கள் கோப்பைப் போலீஸும் பார்க்க முடியும் என்று தெரிந்தது. 2019 மே மாதம் ஜெட்மேட்ச் விதியை மாற்றியது. தானாக முன்வந்து ‘சரி’ என்றவர்களின் கோப்பில் மட்டுமே போலீஸ் குற்றவாளியைத் தேடலாம். ஒரே நாளில் பத்து லட்சம் கோப்புகள் தேடலுக்கு அப்பால் போய்விட்டன.

ஆனால் பெயர் தெரியாத உடல் என்றால் விதி வேறு. 2021 முதல், ‘வேண்டாம்’ என்றவர்களின் கோப்போடும் அத்தகைய உடல்களை அங்கே ஒப்பிடலாம். குற்றவாளியைத் தேடுவதும் காணாமல் போனவரைத் தேடுவதும் ஒன்றல்ல என்ற இந்தப் பிரிப்பு நியாயமாகவே படுகிறது. இருந்தாலும் விதிகளைப் படிக்காமல் கோப்பை ஏற்றாதீர்கள்.

அமெரிக்க நீதித்துறையின் இடைக்காலக் கொள்கை 2019 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வம்சாவளிப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. மேரிலாந்து மாநிலம் 2021-இல் ஒரு படி மேலே போய், குற்ற வழக்கில் இதைப் பயன்படுத்த நீதிபதியின் அனுமதி தேவை என்று சட்டமே போட்டது.

பெயர் தெரிந்தால் கொலையாளியும் தெரிந்துவிடுமா?

தெரியாது. ஆனால் யாரென்றே தெரியாத ஒருவரின் கடைசி நாட்களை யாரிடம் போய் விசாரிப்பது? விசாரணையைத் தொடங்கவே பெயர் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் பல வருடம் முன்பு அமெரிக்காவில் காணாமல் போனார். நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில், காணாமல் போனதாகப் புகார் உண்மையிலேயே பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். ‘அப்போதே சொன்னோமே’ என்று குடும்பம் நினைத்திருக்கும், காவல் நிலையத்தில் காகிதம் இருக்காது. நேம்அஸ் என்ற அரசுத் தரவுத்தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் யாராவது போலீஸ் வழியாகக் கோடிஸுக்கு மாதிரி கொடுக்கலாம்.

அதோடு, ஏதாவது ஒரு நிறுவனத்தில் பரிசோதனை செய்து கோப்பை ஜெட்மேட்சிலும் ஃபேமிலிட்ரீடிஎன்ஏவிலும் ஏற்றுங்கள். யார் கொடுப்பது என்றால், குடும்பத்தில் உயிரோடு இருப்பவர்களில் மூத்த தலைமுறை. ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் பகிர்ந்த டிஎன்ஏ பாதியாகக் குறையும். காணாமல் போனவரின் அத்தை எண்பது வயதில் இருக்கிறார் என்றால், பேரப்பிள்ளைகள் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். முதல் குழாய் அத்தைக்கு.